கத்தவில்லை என்றால் சம்மதம் ஆகிவிடுமா?

கேள்வி: பாம்பனுக்கு அருகே கடற்கரைக் கிராமம் எங்களுடையது. என் தங்கைக்கு வயது 27, கணவரை இழந்தவள். மீனைக் காயவைத்துக் கருவாடாக்கும் வாடியில் வேலை செய்கிறாள். வாடிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்பு, கணக்குப் பார்க்க வேண்டும் என்று அவளை மட்டும் நிறுத்திவைத்துப் பலாத்காரம் செய்துவிட்டார். "வேண்டாம் அண்ணே" என்று ஒருமுறை சொன்னாளாம். பிறகு பயத்தில் உடம்பு மரத்துப்போய்விட்டது. கத்தவில்லை, காயமும் இல்லை. எனக்கே நான்கு நாள் கழித்துத்தான் சொன்னாள். அன்று உடுத்திய சேலையையும் துவைத்துவிட்டாள். "கத்தாதவள் சம்மதித்தவள்தானே, முன்பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறோம், பேசி முடியுங்கள்" என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். இனி வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது "கத்தாதவள் சம்மதித்தவள்" என்ற வரி. ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி பலாத்காரம் செய்யப்பட்ட வழக்கில், காயம் இல்லை, கூச்சல் இல்லை என்று காரணம் காட்டி இரண்டு போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நாடெங்கும் பெண்கள் திரண்டார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2012 டெல்லிக் கூட்டுப் பலாத்காரக் கொடுமைக்குப் பிறகு, 2013-இல், சம்மதம் என்றால் என்ன என்பதையே சட்டத்தில் எழுதி வைத்தார்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு அந்த வரையறையை அப்படியே வைத்திருக்கிறது. சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தன் விருப்பத்தை ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தெரிவிப்பதுதான் சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்ததாகக் கருதக்கூடாது என்றும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அவள் ஏன் கத்தவில்லை என்பது கேள்வியே அல்ல. அவள் எப்போது, எப்படிச் "சரி" என்றாள் என்று காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. உங்கள் தங்கை "வேண்டாம்" என்றே சொல்லியிருக்கிறாள்.

முன்பண விஷயத்தை யாரும் உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணைத் தன் கட்டுப்பாட்டில் அல்லது ஆதிக்கத்தில் வைத்திருப்பவன் செய்யும் பாலியல் வன்கொடுமையை 64-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடுமையான வகையில் சேர்க்கிறது. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் வாழ்நாள் முழுவதும் சிறை. அந்த வகையில் வழக்கு நடந்தால், உறவு நடந்தது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று அவள் நீதிமன்றத்தில் சொன்னாலே, சம்மதம் இல்லை என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு இது. சம்மதம் இருந்தது என்று காட்டும் சுமை அவன் தலையில் விழும். கூலியும் கடனும் ஒரே கையில் இருப்பதை ஆதிக்கம் என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. அதனால் முன்பணம் எழுதிய நோட்டையோ துண்டுச் சீட்டையோ தூக்கி எறியாதீர்கள். அவன் போனில் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள்.

தாமதத்தால் வழக்கு செத்துவிடாது. பயமும் மானமும் தடுத்ததை நீதிமன்றங்கள் புரிந்தே பார்க்கின்றன. ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்பதைப் புகாரிலேயே உள்ளபடி எழுதுங்கள். சேலையைத் துவைத்ததையும் மறைக்க வேண்டாம். நம்பத்தக்கதாக இருந்தால் பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் மட்டுமே தண்டனைக்குப் போதும். இது பலமுறை உறுதிசெய்யப்பட்ட விதி.

உள்ளூர் காவல் நிலையத்தில் வாடிக்காரரின் செல்வாக்குக்கு அஞ்சினால் இராமநாதபுரத்துக்கே போங்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், உங்கள் வீட்டுக்கே வந்தும் எழுதலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதற்கு முன்பே, முடிந்தால் நாளைக்கே, தங்கையை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். கர்ப்பப் பரிசோதனை அவசியம். கர்ப்பம் இருந்து, அவள் விரும்பினால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனை என்று யாராவது தொடங்கினால் தடுத்துவிடுங்கள், அது தடை செய்யப்பட்டது.

ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பதற்கு இந்தக் குற்றத்தில் இடமே இல்லை. முன்பணத்தைக் கழித்தாலும் வழக்கு கழியாது. எந்த வெள்ளைத் தாளிலும் அவளைக் கையெழுத்துப் போடவிடாதீர்கள். அவள் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் பரப்புகிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்பதையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் தேட வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். இழப்பீட்டுக்கும் அங்கேதான் விண்ணப்பம். 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மகளிர் உதவி எண் 181.

ஒன்று உங்களுக்கு. தங்கை முதலில் சொன்னது உங்களிடம். அதனால் நீங்களும் சாட்சி. அன்று அவள் என்ன சொன்னாள், எப்படி இருந்தாள் என்பதை, நினைவு மங்குவதற்குள் இன்றிரவே தேதியிட்டு எழுதி வையுங்கள்.