முழங்கைச் செதிலும் விரல் மூட்டு விறைப்பும் – பதில்

வணக்கம். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தியதும் முழங்கைச் செதில்கள் முன்னைவிட அதிகமாகப் பரவியதாகவும், காலையில் விரல் மூட்டுகள் விறைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஏறத்தாழ 28 நாட்களில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல், நோயெதிர்ப்பு மண்டலத்தின் தவறான தூண்டுதலால் சில நாட்களிலேயே வளர்ந்து குவிவதுதான் சொரியாசிஸ். இது தொற்றாது, ஆகையால் குழந்தையைத் தூக்கத் தயங்க வேண்டாம். வீரியமான ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழுவது உண்டு.

எனக்குக் கூடுதல் கவலை தருவது மூட்டு விறைப்புதான். அது சொரியாசிஸ் மூட்டழற்சியாக இருந்தால், தாமதம் மூட்டுகளை நிரந்தரமாகச் சிதைக்கக்கூடும் என்பதால், தோல் மருத்துவரிடம் நகங்களையும் காட்டி இதை முதலிலேயே சொல்லுங்கள். அவர் நோயெதிர்ப்பு மண்டலத்தின் தூண்டுதலைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதித் தந்தால், இந்நோய்க்கு அது வாரம் ஒருநாள் மட்டுமே உட்கொள்ளப்படுவது. தவறுதலாக நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்களும் உண்டு.