ஸ்டுட்கார்ட்டில் புதிதாக டீம் லீட் ஆகியிருக்கும் தம்பிக்கு: மறுப்பைக் கேட்பதும் சம்பள உயர்வு கேட்பதும்

வணக்கம் தம்பி,

மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து ப்ளூ கார்டில் (பட்டதாரி வெளிநாட்டவருக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) வந்து, ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் ஓராண்டுக்கும் மேலாக வேலை செய்கிறீர்கள். அண்மையில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு உங்களை டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள். குழுவின் மூத்த டெக்னீஷியன், நீங்கள் எந்தத் திட்டத்தை முன்வைத்தாலும் எல்லோர் முன்னிலையிலும் "இது நடக்காது" என்று சொல்லிவிடுகிறார். பொறுப்பு கூடியிருக்கிறது, சம்பளம் கூடவில்லை. அந்தப் பெரியவரை எப்படிச் சமாளிப்பது, வருகிற அப்ரைசலில் சம்பள உயர்வை எப்படிக் கேட்பது, கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசாவைப் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். சம்பள உயர்வு கேட்டதற்காக ப்ளூ கார்டுக்கு எந்தப் பாதிப்பும் வராது. முதல் 12 மாதங்களுக்குள் நிறுவனம் மாறினால்தான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். பி1 எனப்படும் நடுத்தர அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதங்களிலும், ஏ1 எனப்படும் தொடக்க அளவு மட்டும் இருந்தால் 27 மாதங்களிலும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே மாலை நேர மொழி வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். பேரம் பேசும்போது மனத்தில் வரும் தைரியத்துக்கு அந்த நிரந்தரக் குடியிருப்பு பெரிய துணை.

மற்ற இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்பது இதே வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் குழுக்களை நடத்தி வருபவன் என்ற முறையில் என் கருத்து. இங்கே ஒருவர் வாய் திறந்து சொல்லாததை மற்றவர் ஊகித்துக்கொள்ள மாட்டார். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார். எழுதி வைத்ததை இரு தரப்பும் மதிக்கும். நம் ஊரில் மேலாளர் முகம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று காத்திருந்து பழகிய நமக்கு இது கடுமையாகத் தோன்றும். ஆனால் பழகிய பிறகு, யார் மனத்தில் என்ன இருக்கிறதோ என்ற குழப்பம் இல்லாமல் வேலை செய்வது எவ்வளவு நிம்மதி என்பது தெரியும்.

அந்த டெக்னீஷியனைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்குப் பட்டப்படிப்பு இல்லை என்பதை உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த அளவுகோலை இங்கே பயன்படுத்தாதீர்கள். மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்தது) போன்ற ஒரு தொழிலை இங்கே மூன்றரை ஆண்டுகள், பட்டறையிலும் பள்ளியிலும் மாறி மாறிக் கற்கிறார்கள். அதற்கு மேல் மைஸ்டர் எனப்படும் தொழில் வல்லுநர் தேர்வில் தேறியவரின் தகுதி, ஜெர்மனியின் தேசியத் தகுதி வரிசையில் இளநிலைப் பட்டம் இருக்கும் அதே 6ஆம் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் "நடக்காது" என்று சொல்லும்போது உங்கள் பதவியை எதிர்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளாமல், உங்களுக்கு இன்னும் கிடைக்காத ஒரு தகவல் அவரிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

என் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கனெக்டரை மைனஸ் 40 டிகிரியிலிருந்து 85 டிகிரி வரை சூடேற்றிக் குளிர்வித்துச் சோதிக்க வேண்டும். 14ஆம் வாரத்தில் தொடங்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். (இங்கே எல்லாத் திட்டமும் ஆண்டின் வார எண்ணில்தான் ஓடுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.) கூட்டத்தில் மூத்த டெக்னீஷியன் தலையை ஆட்டி, நடக்காது என்றார். "எந்தப் பகுதி நடக்காது?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பலகையில் மூன்று வரி எழுதினார்: வெப்பநிலை அறை 15ஆம் வாரம் முடிய வேறொரு திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, மாதிரியைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்ச்சரை மாற்றிக் கடையப் பட்டறை எட்டு வேலை நாள் கேட்கும், அளவீட்டுக் கருவியின் கேலிப்ரேஷன் (துல்லியச் சரிபார்ப்பு) 14ஆம் வாரத்திலேயே காலாவதியாகிறது. "இவற்றில் எதை நாம் மாற்ற முடியும், அதற்கு உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது என் அடுத்த கேள்வி. ஃபிக்ஸ்ச்சர் வேலையை அன்றே பட்டறைக்கு அனுப்பினோம், வேறொரு பிரிவிலிருந்து கருவியை இரவல் பெற்றோம், அறைக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 16ஆம் வாரம் என்று வாடிக்கையாளருக்கு அன்று மாலையே தெரிவித்தோம். முன்கூட்டியே சொன்னதால் அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மனிதர் கூட்டத்தில் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டுப் போயிருந்தால், 14ஆம் வாரம் பூட்டிய அறையின் முன் நாங்கள் மாதிரிகளோடு நின்றிருப்போம்.

எனவே, கூட்டத்துக்கு முந்தின நாள் திட்டத்தின் வரைவை எடுத்துக்கொண்டு அவருடைய சோதனை மேசைக்கு நீங்களே போங்கள். அறைக்குக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். எங்கே இடிக்கும் என்று கேளுங்கள், அவர் சொல்வதை அவர் எதிரிலேயே வரைவில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கூட்டத்தில் அந்தத் திருத்தம் அவர் சொன்னது என்பதை எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்த வாரத்துக்குள் செய்வது என்று அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதி அன்றே அனுப்பிவிடுங்கள். நீங்களும் "முயற்சி செய்கிறேன்", "பார்க்கலாம்" என்று மேலாளரிடம் சொல்லும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாம் மென்மையாக மறுப்பதாக நினைத்துச் சொல்வதை அவர்கள் வாக்குறுதியாகக் குறித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு செய்தும் காரணம் சொல்லாமல் முட்டுக்கட்டை போடுகிறார் என்றால், தனியாக உட்கார்ந்து, எந்த நாளில் என்ன நடந்தது, அதனால் எந்த வேலை நின்றது, இனி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை நேரடியாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லையென்றால் மேலாளரிடம் கொண்டு போகலாம். ஆனால் கொண்டு போகிறேன் என்று அவரிடமே முதலில் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் புகார் செய்தவர் என்ற பெயர் எடுத்துவிட்டால் அந்தக் குழுவை மீண்டும் நடத்துவது மிகக் கடினம்.

வேலை நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒரு நாள் வேலை முடிந்ததற்கும் மறுநாள் தொடங்குவதற்கும் இடையில் சட்டப்படி 11 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும். இரவு பத்து மணி வரை ஒருவரை வேலை செய்ய வைத்தால் மறுநாள் காலை ஒன்பதுக்கு முன் அவர் தொடங்கக் கூடாது. பெட்ரீப்ஸ்ராட் எனப்படும் ஊழியர் பேரவை உள்ள நிறுவனத்தில், அதன் இசைவு இல்லாமல் கூடுதல் நேரம் வேலை செய்யச் சொல்ல டீம் லீடுக்கு மட்டுமல்ல, அவருடைய மேலாளருக்கும் அதிகாரம் இல்லை. விடுப்பில் இருப்பவரிடம் என்ன நோய் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இனி சம்பளம். உங்கள் நிறுவனம் ஐ.ஜி. மெட்டால் தொழிற்சங்கத்தின் கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது என்று எழுதியிருப்பதால், நம் ஊர் ஹைக் பேச்சு இங்கே செல்லாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் அந்த ஒப்பந்தத்தில் 17 சம்பளப் பிரிவுகள் உள்ளன. பிரிவு என்பது ஆளுக்கு உரியதன்று, வேலைக்கு உரியது. தேவைப்படும் அறிவும் திறனும், சிந்தனையின் சிக்கல், முடிவெடுக்கும் சுதந்திரமும் பொறுப்பும், தொடர்பாடல், பிறரை வழிநடத்துதல் ஆகிய ஐந்து அளவுகோல்களில் அந்த வேலைக்குப் புள்ளி போட்டுப் பிரிவை முடிவு செய்கிறார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாக, எவ்வளவு வேகமாகச் செய்கிறீர்கள் என்பது இதில் சேராது. அதற்குத் தனியாகச் செயல்திறன் படி உண்டு, நிறுவன அளவில் சராசரியாக 15 சதவீதம் வரும்படி அதைப் பங்கிடுகிறார்கள்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நம்மவர்கள் பலர் அப்ரைசலில் உட்கார்ந்து, நான் இரவு பகலாக உழைத்தேன், வாடிக்கையாளர் பாராட்டினார் என்று பேசிவிட்டு உயர்ந்த பிரிவைக் கேட்கிறார்கள். மேலாளர் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, படியில் ஓரிரு புள்ளி கூட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார். இவர்கள் ஏமாற்றப்பட்டதாக மனம் நொந்துபோகிறார்கள். உழைப்பின் கதை படிக்கான வாதம். பிரிவுக்கான வாதம், வேலையே மாறிவிட்டது என்று காட்டுவது. உங்கள் விஷயத்தில் அது உண்மையாகவே மாறியிருக்கிறது, ஏனென்றால் வழிநடத்துதல் என்ற அளவுகோலில் முன்பு எதுவும் இல்லாதிருந்த உங்கள் வேலையில் இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள்.

ஆகவே அப்ரைசலுக்குச் சில வாரங்கள் முன்பே மேலாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: என் பொறுப்பு தொழில்நுட்ப வழிகாட்டல் மட்டுமா, அல்லது விடுப்புக்கு ஒப்புதல் தருவது, மதிப்பீடு எழுதுவது ஆகியவையும் சேர்ந்தவையா? பெரும்பாலான டீம் லீட்களுக்கு முதலாவது மட்டுமே இருக்கும். பதிலைப் புதிய பணி விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் குழுவுக்குள் உங்கள் அதிகாரத்தின் எல்லையைத் தெளிவாக்கும்; சம்பளப் பிரிவைப் பேசும்போது உங்கள் கையிலிருக்கும் முதல் ஆவணமும் அதுதான்.

அதை எடுத்துக்கொண்டு பெட்ரீப்ஸ்ராட் அலுவலகத்துக்குப் போங்கள். அது நிர்வாகத்துக்குத் தெரியாமல் செய்யும் காரியமன்று; வேலை நேரத்திலேயே போகலாம், அது உங்கள் உரிமை. 20 பேருக்கு மேல் வாக்குரிமை உள்ள ஊழியர்கள் இருக்கும் நிறுவனத்தில் ஒருவரை எந்தப் பிரிவில் வைப்பது, எந்தப் பிரிவுக்கு மாற்றுவது என்பதற்கு அவர்களுடைய ஒப்புதல் தேவை. அதனால் உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பது பற்றி அவர்களுக்கு நல்ல அறிவு உண்டு. சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது, நிறுவனத்தில் உங்கள் வளர்ச்சிக்கு என்ன வழி என்று விளக்கம் கேட்டு நடக்கும் பேச்சில் அவர்களில் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. முதல் பேச்சுக்கே அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; நல்ல மேலாளராக இருந்தால் தனியாகப் பேசுவதே உறவுக்கு நல்லது. இழுத்தடிக்கிறார் என்று தெரிந்தால் தயங்காதீர்கள். முறையாக ஆட்சேபம் தெரிவித்தால் நிர்வாகமும் ஊழியர் தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் குழு அதைப் பரிசீலிக்கும்.

பேச்சின்போது நீங்கள் நினைக்கும் பிரிவின் எண்ணை நீங்களே முதலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அமைதி நீண்டால் அதை நிரப்புவதற்காகக் கோரிக்கையை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள்; பலர் இந்த இடத்தில்தான் தங்களுக்கு எதிராகத் தாங்களே பேசிவிடுகிறார்கள். ஊரில் வாங்கிய கடனையோ குழந்தையின் செலவையோ காரணமாகச் சொல்ல வேண்டாம். வேலையின் மாற்றத்தை மட்டும் பேசுங்கள். பிரிவு இந்த ஆண்டு நகராது என்று உண்மையாகவே தெரிந்தால், வேலை நேரத்தில் மொழிப் பயிற்சி, தலைமைப் பயிற்சிக்கான செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். இந்த மாநிலத்தில் ஓராண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 5 நாள் சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்பு சட்டப்படியே உண்டு. அதைச் சலுகையாகப் பேரம் பேசித் தோற்றுவிடாதீர்கள், அது ஏற்கெனவே உங்களுடையது.

கூட்டு ஒப்பந்தம் இல்லாத நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களுக்கு வேறு கணக்கு: அங்கே ஆண்டின் மொத்தச் சம்பளத்தை வைத்துத் தனி ஆளாகப் பேச வேண்டியிருக்கும், சந்தை நிலவரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

மேலாளர் "இப்போது இல்லை" என்று சொன்னால் முகம் வாடி எழுந்து வந்துவிடாதீர்கள். எந்த நிபந்தனை நிறைவேறினால், எந்த மாதத்தில் மீண்டும் பேசலாம் என்று கேளுங்கள். அன்று மாலைக்குள் "இன்று நாம் பேசியது" என்று தொடங்கி நான்கைந்து வரி மின்னஞ்சல் அனுப்பி, அவர் சொன்ன மாதத்தில் ஒரு சந்திப்பை அவருடைய காலண்டரிலும் உங்களுடையதிலும் உடனே போட்டுவிடுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த மின்னஞ்சலின் ஜெர்மனை யாராவது பார்த்துத் தந்தால் நல்லது என்று தோன்றினால், பெயர்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். அன்றே திருத்தித் தருகிறேன்.