தொடை எரிச்சல் வேறு, மறுநாள் வலி வேறு

கேள்வி: காவலர் தேர்வுக்காக 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறேன். கடைசிச் சுற்றில் தொடை நெருப்பாக எரிகிறது. அடுத்த இரண்டு நாளும் படி இறங்க முடியவில்லை. ‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, எண்ணெய் போட்டு நீவினால் போய்விடும்’ என்கிறார் உடன் ஓடும் அண்ணன். உண்மையா?

பதில்: நீவிவிட்டால் சுகமாக இருக்கும், செய்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் படியில் தடுமாறும் நேரத்தில், வெளியேற்றுவதற்கு அங்கே லாக்டிக் அமிலமே இருக்காது. ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனால் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

தசை சுருங்குவதற்கான காசு ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. அதன் கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் வரும். பிறகு குளுக்கோஸை உடைத்தாக வேண்டும். செல்லின் திரவத்தில் ஒரு குளுக்கோஸ், பைருவேட் என்ற சிறிய மூலக்கூறுகள் இரண்டாகப் பிளக்கும்போது நிகரமாக 2 ஏ.டி.பி. கிடைக்கிறது, இதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. அந்தப் பைருவேட், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் ஆக்சிஜன் துணையோடு முழுதாக எரிந்தால் மொத்தம் 30 வரை தேறும். முன்னது சொற்ப வரவு, ஆனால் மின்னல் வேகம். பின்னது நிறைந்த வரவு, நிதானம்.

7 நிமிடத்துக்குள் முடிக்கும் 1500 மீட்டரில் பெரும்பங்கு ஆற்றல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. கடைசிச் சுற்றில் வேகத்தைக் கூட்டும்போதும் தசையில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதில்லை. பைருவேட் குவியும் வேகத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அவ்வளவுதான். மிஞ்சியது லாக்டேட்டாக மாறுகிறது; அண்ணன் சொல்லும் லாக்டிக் அமிலம் உடலில் இருப்பது இந்த வடிவில்தான். அந்த மாற்றத்தில்தான் என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் மீள்கிறது. அது மீளாவிட்டால் குளுக்கோஸ் உடைவதே நின்று, நீங்களும் நின்றுவிடுவீர்கள். ஆக, பழி சுமக்கும் லாக்டேட்தான் உங்களைக் கோட்டைத் தாண்ட வைக்கிறது. எரிச்சலில் பெரும்பங்கு கூடவே சேரும் ஹைட்ரஜன் அயனிகளாலும் பிற கழிவுகளாலும் வருவது.

லாக்டேட் வீணாவதும் இல்லை. இதயம் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக்குகிறது. 1947இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால் அதைக் கோரி சுழற்சி என்கிறோம்.

மறுநாள் வலி, பழகாத தசை இழைகளில் விழும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். சரிவில் இறங்கும்போதும் பாதம் தரையில் மோதும்போதும் தசை நீண்டபடியே இழுக்கிறது. அதுதான் அதிகம் சேதப்படுத்துவது. இரண்டு மூன்று நாளில் தானாகத் தணியும். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் போங்கள். சேதம் பெரிது, சிறுநீரகத்தைத் தாக்கலாம்.

பயிற்சியைப் பற்றி என் யோசனை: தினமும் முழு வேகத்தில் ஓடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவேகத்தில் 30, 40 நிமிடம். இந்தச் சலிப்பான ஓட்டம் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும்; பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். ஒரே ஒரு நாள் வேகப் பயிற்சி போதும். தேர்வன்று 400 மீட்டர் சுற்றுக்கு 110 நொடி என்று கணக்கு வைத்து, முதல் சுற்றிலேயே பாயாமல் ஓடுங்கள்.