போரில் யார் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றால் ஒரு நாடு தப்பிக்குமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அதை இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். உலகமே சண்டை போடும்போது ஒரு நாடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் அதன் சொந்தச் சனங்களுக்கு என்ன செலவு, வெளியே இருப்பவர்களுக்கு என்ன செலவு என்பது கேள்வி. என் பதில் இதுதான்: செலவு வரத்தான் செய்யும், ஆனால் ஒதுங்கி நிற்போம் என்று முடிவெடுத்தவர்களின் வீட்டுக்கு அது வருவது குறைவு. உள்ளே ஏழை வீட்டுக்குப் போகும், வெளியே அந்த முடிவைப் பற்றிக் கேள்விப்படவே வாய்ப்பில்லாத ஏதோ ஒரு ஊருக்குப் போகும். அப்படி ஒரு ஊரில், திருகோணமலையில் இருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் அயர்லாந்து. எங்கள் ஊர்க்காரருக்கு இந்தக் கதை சட்டென்று புரியும், ஏனென்றால் அதுவும் துறைமுகத்தில் தொடங்குகிற கதை. 1921இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கைப்படி, அயர்லாந்தின் மூன்று துறைமுகங்களைப் பிரிட்டிஷ் கடற்படை தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 1938இல்தான் அவை ஐரிஷ் பிரதமர் டி வலேராவின் அரசிடம் திரும்பி வந்தன. அடுத்த வருடமே இரண்டாம் உலகப் போர். துறைமுகங்களைத் திரும்பத் தா, ஜெர்மன் நீர்மூழ்கிகள் எங்கள் கப்பல்களை மூழ்கடிக்கின்றன என்று பிரிட்டன் கேட்டது, டப்ளினில் இருந்த ஐரிஷ் அரசு மறுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் எங்கள் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை இருந்ததை நினைத்தால், அந்த மறுப்பில் இருந்த தன்மானத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. 1922-23இல் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு இரத்தம் காயாத நாடு, ஆயுதம் போதாத நாடு, யாரோ ஒருவர் பக்கம் சேர்ந்திருந்தால் உள்ளே திரும்ப வெடித்திருக்கும். காரணம் நியாயமானது. விலை யார் கொடுத்தார்கள் என்பதுதான் என் கவலை.

அந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அவசரகாலம்’. (அந்தச் சொல் எங்கள் காதில் விழும்போது வேறு நினைவுகள் வரும், அதை இங்கே பேசவில்லை.) அயர்லாந்திடம் கடல் தாண்டும் கப்பல்கள் அநேகமாக இல்லை, எல்லாம் பிரிட்டிஷ் கப்பல்களில்தான் வந்துகொண்டிருந்தன. துறைமுகம் தராதவனுக்கு என் கப்பல் எதற்கு என்று 1941 தொடக்கத்தில் பிரிட்டன் இறுக்கியது. நிலக்கரி குறைந்தது, பெற்றோல் குறைந்தது, தேயிலை ஒரு ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் என்று ஆனது. அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம். நான் ஒருநாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், தேத்தண்ணீர் போடுகிற சின்னக் கரண்டியால் ஏழு கரண்டி வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு கோப்பை, அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் அது காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். அதே நேரம் போரில் நேரடியாக நின்ற பிரிட்டனில் வாரம் இரண்டு அவுன்ஸ் கிடைத்தது.

டப்ளினில் சமையல் வாயு சில மணி நேரம்தான் திறந்துவிடப்படும். மூடிய பிறகும் குழாயில் கொஞ்சம் மிச்சம் இருக்குமே, அதில் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைக்கிற பெண்களைப் பிடிப்பதற்கென்று பரிசோதகர்கள் வீடு வீடாகப் போனார்கள். உள்ளே வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் இணைப்பை வெட்டிவிடலாம். பணக்கார வீட்டில் விறகோ கரியோ முன்பே வாங்கி அடுக்கியிருப்பார்கள், ஒற்றை அறையில் குழந்தைகளோடு இருந்தவளுக்கு அந்தச் சின்ன நீலச் சுடர்தான் இருந்தது. கோதுமை போதாததால் தவிட்டையும் சேர்த்தே மா அரைத்தார்கள், பாண் கறுத்தது. அந்தத் தவிடு உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. பாணைத் தவிர அதிகம் சாப்பிட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய் கூடியது. காசநோயும் கூடியது. 1941இல் சம்பளத்தை அப்படியே நிறுத்தி வைக்க ஒரு கட்டளை வந்தது, விலைவாசியை அப்படி நிறுத்த யாராலும் முடியவில்லை. வேலையில்லாதவர்கள் கப்பலேறிப் போய், ஒதுங்கி நின்ற நாடு எந்தப் போரில் சேரவில்லையோ அதே போருக்கான பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்பினார்கள்.

குண்டும் விழுந்தது. 1941 மே 31 அதிகாலை டப்ளினின் நோர்த் ஸ்ட்ராண்ட் பகுதியில் ஜெர்மன் குண்டுகள் விழுந்து 28 பேர் செத்தார்கள். 1942 நவம்பரில் ‘ஐரிஷ் பைன்’ என்ற கப்பல், பக்கவாட்டில் நாட்டின் பெயரும் கொடியும் பெரிதாகப் பூசப்பட்ட கப்பல், ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கி 33 மாலுமிகளும் போனார்கள்.

உள்ளுக்குள் அயர்லாந்து முழுதாக ஒதுங்கியும் இருக்கவில்லை. தரையிறங்கிய நேச நாட்டு விமானிகள் பலரைச் சத்தமில்லாமல் பிரிட்டன் வசமிருந்த வட அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள், 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டியில் இறங்குகிற நாளைத் தீர்மானிக்க உதவிய வானிலைத் தகவல்களில் ஒன்று அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் பிளாக்சொட்டில் இருந்து போனதுதான். இவ்வளவு செய்தும் உலகத்துக்கு ஞாபகம் இருந்தது 1945 மே 2 மட்டும்: ஹிட்லர் செத்ததற்கு டி வலேரா ஜெர்மன் தூதரிடம் நேரில் போய்த் துக்கம் விசாரித்தார். முறைக்காகச் செய்தாராம். நாஜி வதை முகாம்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. ஐரிஷ் இராணுவத்தை விட்டு ஓடிப்போய் ஹிட்லருக்கு எதிராகப் போரிட்ட சுமார் ஐயாயிரம் பேருக்கு, திரும்பி வந்தபோது ஏழு வருடம் அரசாங்க வேலை கிடையாது என்று கட்டளை. அவர்களுக்கு மன்னிப்பு வந்தது 2013இல், அநேகமாக எல்லோரும் செத்த பிறகு.

சரி, அயர்லாந்து சின்ன நாடு. அமெரிக்காவுக்கு என்ன சாட்டு? முதல் உலகப் போரில் ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும்தான் எங்களை இழுத்துவிட்டார்கள் என்ற கோபம் அங்கே உண்மையாகவே இருந்தது, அந்தக் கோபத்தில் 1935இல் இருந்து வரிசையாக நடுநிலைச் சட்டங்கள் போட்டார்கள். போரிடும் இரண்டு பக்கத்துக்கும் ஆயுதம் விற்கக் கூடாது. கேட்க நியாயம். ஆனால் அடிக்கிறவன் ஏற்கெனவே ஆயுதத்தோடு நிற்கிறான், அடிவாங்குகிறவனுக்குத்தான் இப்போது வாங்க வேண்டும். 1935இல் எத்தியோப்பியா, பிறகு ஸ்பெயின் குடியரசு என்று இந்தச் ‘சமநீதி’ போய் விழுந்த இடம் எல்லாம் பலவீனமானவன் தலைதான். 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்தபோது இரண்டு நாடும் முறையாகப் போர் அறிவிக்கவில்லை என்பதால் அந்தச் சட்டத்தையே பிரயோகிக்கவில்லை, வியாபாரம் தொடர்ந்தது. ஜப்பானிடம் காசும் கப்பலும் இருந்தன. அது வாங்கிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு அமெரிக்காவில் இருந்து போனது, பழைய இரும்பும் கப்பல் கப்பலாகப் போனது.

இனி என் ஊர். 1942 ஏப்ரல் 9 காலை திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்ட விமானங்களைக் கொண்டுவந்தது ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள். முந்தின டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹாபரை அடித்த ஆறில் ஐந்து, அதே கப்பல்கள். ஜப்பான் அதுவரை சேர்த்து வைத்திருந்த எண்ணெயில் பெரும் பகுதி எங்கிருந்து வாங்கியது என்று மேலே சொல்லிவிட்டேன். ஒரு விமானம் 91ஆம் எண்ணெய்க் குதத்தில் போய் மோதியது, அது நாள்கணக்கில் எரிந்தது. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் செத்தார்கள். நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கும் போர்க் கல்லறையைக் கடந்துதான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன், புல் வெட்டி அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார்கள், கல்லில் வயதைப் படித்தால் இருபது, இருபத்திரண்டு.

என் அம்மம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. புகையைப் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே மாட்டு வண்டியில் தம்பலகாமத்துக்குப் போனார்களாம், கையில் எடுத்தது ஒரு பானையும் கோழியும். குண்டைவிட அவர் அதிகம் கதைத்தது அரிசியைப் பற்றித்தான். பர்மா ஜப்பானிடம் போனதோடு அந்த அரிசி நின்றுவிட்டது, பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்ததை வைத்து ஓட்ட வேண்டும். சாகும்வரை உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார். அந்தப் பானை எப்போதும் நிறைந்தே இருக்கும், ஆனாலும் போடுவார். அமெரிக்க நடுநிலைச் சட்டம் என்று ஒன்று இருந்தது அவருக்குத் தெரியாது.

அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதால்தானே ஜப்பான் அடித்தது, அப்போ தலையிட்டதுதானே தப்பு என்று சிலர் எழுதுவார்கள். நான்கு வருடம் விற்றுவிட்டு, அவன் அந்த எண்ணெயை நம்பியே கப்பற்படையைக் கட்டிய பிறகு, 1941 நடுவில் ஒரேயடியாக நிறுத்தினால் அது எச்சரிக்கையாக இருக்காது, கழுத்தை நெரிப்பதாகத்தான் அவனுக்குப் படும். 1937இல் செய்திருந்தால் பேசித் தீர்க்க இடம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வெளியே கொடுத்த விலையில் என்னால் மறக்க முடியாதது ‘செயின்ட் லூயிஸ்’ கப்பல். 1939 மே மாதம் 937 பயணிகள், அநேகமாக எல்லோரும் ஜெர்மனியை விட்டு ஓடிவந்த யூதர்கள். கியூபா பெரும்பாலானோரை இறக்கவிடவில்லை, அமெரிக்கா கரைக்கு வரவிடவில்லை, மயாமியின் விளக்குகள் தெரிகிற தூரத்தில் இருந்து ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் மண்டபம் அகதி முகாமுக்குப் படகில் போனவர்கள் இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்தக் கப்பலைப் பற்றி முதலில் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உள்ளேயும் அமெரிக்கா விலை கொடுத்தது. 1939இல் அவர்களுடைய இராணுவம் இரண்டு லட்சம் பேருக்கும் குறைவு. கட்டாய இராணுவச் சேவையை நீடிக்கும் சட்டம் 1941 ஆகஸ்டில் ஒரே ஒரு வாக்கில், 203க்கு 202 என்று தப்பியது. 1942 தொடக்கத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கிழக்குக் கரைக்கு வந்தபோது, சுற்றுலா வருமானம் போய்விடும் என்று கடற்கரை நகரங்கள் விளக்கை அணைக்க முரண்டு பிடித்தன. அந்த வெளிச்சத்தில் கப்பல்கள் நிழலாகத் தெரிந்தன, நூற்றுக்கணக்கில் மூழ்கின.

சுவிஸ் தப்பவில்லையா என்று கேட்பீர்கள். தப்பியது, ஆனால் லட்சக்கணக்கானவரை ஆயுதத்தோடு மலையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, எல்லையில் அகதிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டு. நோர்வே, ஒல்லாந்து, பெல்ஜியம் மூன்றும் நடுநிலைதான் சொன்னன, 1940இல் மூன்றும் போயின.

அணிசேராமையையும் இதையும் குழப்ப வேண்டாம். 1962இல் சீனாவும் இந்தியாவும் மோதியபோது எங்கள் பிரதமர் சிறிமாவோ யார் பக்கமும் சேரவில்லை, ஆனால் அதே வருடம் டிசம்பரில் வேறு ஐந்து நாடுகளைக் கொழும்புக்கு அழைத்து சமரச யோசனை எழுதி, தானே பீக்கிங்குக்கும் டெல்லிக்கும் கொண்டுபோனார். பக்கம் சேராமலும் வேலை செய்யலாம்.

கடைசியாக 2022. உக்ரைன் போரில் ஐ.நா. சபை வாக்கெடுப்பில் இலங்கை வாக்களிக்காமல் விலகியது. சில மாதம் கழித்து, இயந்திரப் படகுக்கு மண்ணெண்ணெய் வாங்க என் சித்தப்பா மூன்று நாள் வரிசையில் நின்றார், நான் சாப்பாடு கொண்டுபோனேன். “நாங்கள்தான் ஒருத்தர் பக்கமும் நிக்கேல்லையே பிள்ளை, பிறகேன் எங்களுக்கு எண்ணெய் இல்லை?” என்றார். பெரிய காரணம் எங்கள் அரசாங்கமே டொலரைத் தீர்த்ததுதான், போர் அதற்கு மேலே விலையை ஏற்றிவிட்டது, எங்கள் தேயிலையை வாங்குகிற ரஷ்யாவும் உல்லாசப் பயணிகளை அனுப்புகிற இரண்டு நாடுகளும் அந்தப் போருக்குள்தான் இருக்கின்றன என்று சொன்னேன். சாப்பாட்டுப் பொதியை வாங்கி வைத்துவிட்டு, வரிசை நகர்ந்ததால் கான்களைக் கோத்திருந்த கயிற்றைப் பிடித்து இரண்டடி முன்னால் இழுத்தார்.