பாதிப் பேர் புகழ்கிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள்: வாங்கலாமா? (கேள்வி-பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சரக்கைப் பற்றியவை. மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் உலகில், ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒன்றுகூடி ஆடும் விளையாட்டுகள். எம்எம்ஓ என்று சொன்னால் ஆடுபவர்களுக்குப் புரியும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசைச் சொற்களை நீக்கியதிலேயே பாதி சுருங்கிவிட்டது.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் எம்எம்ஓவுக்கு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 'கலவையான' மதிப்பீடு. ஒருவர் 'இதற்கு ஈடு இணை கிடையாது' என்கிறார். அடுத்தவர் 'கிட்டே போகாதீர்கள்' என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம். இருவரும் ஒரே விளையாட்டை ஆடவில்லை, அவ்வளவுதான்.

நூற்றுக்கு 40 முதல் 69 பேர் வரை பரிந்துரைத்திருந்தால் ஸ்டீம் அதைக் 'கலவை' என்று குறிக்கிறது. அந்தச் சொல்லோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு விமர்சனத்தோடும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பத்து மணி நேரம் ஆடியவர் காட்டையும் இசையையும் புகழ்வார். முந்நூறு மணி நேரம் ஆடியவர் உச்ச லெவலைத் தொட்டிருப்பார். தினமும் அதே குகை, அதே பூதம் என்று சலித்துக்கொள்வார். தனியாகக் கதையை ரசிக்க வந்தவருக்கு, கில்டு என்ற ஆட்டக்காரர் குழு இல்லாமல் ரெய்டு என்ற பெருங்கூட்டச் சண்டைக்குள் நுழைய முடியாது என்பது குறை. கில்டு நடத்துபவருக்கு அதுதான் விளையாட்டே. நீங்கள் எதற்காக வாங்குகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதே நோக்கத்தோடு வந்தவர்களின் விமர்சனங்களை மட்டும் படியுங்கள்.

அடுத்து தேதி. புத்தகம் அச்சானபின் மாறாது; எம்எம்ஓ ஒவ்வொரு பேட்சிலும், அதாவது நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்திலும், மாறும். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற விளையாட்டு 2010 செப்டம்பரில் வெளியானபோது அடி வாங்காத இடமில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, சந்தா வசூலிப்பதை நிறுத்தி வைத்தது, பொறுப்பாளரை மாற்றியது, 2012 நவம்பரில் சர்வர்களையே மூடிவிட்டு 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தது. 2021 டிசம்பரில் சர்வர்கள் தாங்காத அளவுக்குக் கூட்டம் வந்து விற்பனையையே சில வாரங்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. இதற்கு நேர் எதிர் நியூ வேர்ல்டு. 2021 செப்டம்பரில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். சில மாதங்களில் பெரும்பகுதி கலைந்துபோனது. இனிப் புதிய உள்ளடக்கம் வராது என்று 2025இல் நிறுவனமே அறிவித்துவிட்டது. முதல் வாரத்தை வைத்து இந்த இரண்டில் எதை எடைபோட்டிருந்தாலும் தவறான முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள். மொத்த மதிப்பீட்டை விட்டுவிட்டு, கடைசி 30 நாள் மதிப்பீட்டைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால், இடையில் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

கேள்வி: என் கணவர் ஒரு விளையாட்டை மூவாயிரம் மணி நேரம் ஆடிவிட்டு 'பரிந்துரைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். எழுதி முடித்ததும் மறுபடி ஆடப் போய்விட்டார். இதற்கு என்ன பொருள்?

பதில்: விளையாட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: 47 மணி நேரம் ஆடினேன். பிடிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஸ்டீம் மறுத்துவிட்டது. இது நுகர்வோர் உரிமை மீறல் இல்லையா?

பதில்: இல்லை. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தருவோம் என்பது 2015 முதல் அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவரும் விதி. 47 மணி நேரத்தில் பிடிக்கவில்லை என்று எப்போது தெரிந்தது? நாற்பத்தாறாவது மணியிலா?

ஆனால் அந்த விதி எம்எம்ஓவுக்குச் சரிப்பட்டு வராத விதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தின் மூக்கையும் புருவத்தையும் செதுக்குவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். வெளியான வாரமாக இருந்தால் சர்வருக்குள் நுழைய வரிசையில் நிற்க வேண்டும். விளையாட்டைத் திறந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. வரிசையில் நின்றதும் கணக்கில் சேரும். ஆகவே இலவசமாக ஆடிப் பார்க்க வழி இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் 20ஆம் லெவல் வரை காசு கேட்பதில்லை. கில்டு வார்ஸ் 2இன் அடிப்படை விளையாட்டு 2015 முதல் இலவசம். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் 70ஆம் லெவல் வரை, கால வரம்பு இல்லாமல் ஆடலாம். சந்தையில் விற்க முடியாது, கில்டில் சேர முடியாது என்பது போன்ற தடைகள் உண்டு. ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அந்தக் கணக்கு இலவச நிலைக்குத் திரும்பாது. அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

கேள்வி: அதே ஃபைனல் ஃபேன்டஸி 14ஐ ஸ்டீமில் வாங்கினேன். அதன் விரிவாக்கத்தை, அதாவது தனியாக விற்கும் கூடுதல் பகுதியை, தள்ளுபடி கிடைத்ததால் வேறு கடையில் வாங்கினேன். கணக்கில் ஏற மறுக்கிறது.

பதில்: மறுக்கத்தான் செய்யும். அடிப்படை விளையாட்டை ஸ்டீமில் வாங்கினால் விரிவாக்கங்களையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். பயன்படுத்தாத குறியீடாக இருந்தால் உடனே விற்றவரிடம் எழுதிக் கேளுங்கள். பொருள் பக்கத்தில் அந்த எச்சரிக்கை இருந்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாதம் வலுவானது.

கேள்வி: முழுக்க இலவசம் என்று போட்டிருக்கிறதே, பிறகு எப்படிப் பணம் போகும்?

பதில்: உள்ளே போனதும் தெரியும்.

கேள்வி: விளையாட்டில் என் வாளை மேம்படுத்த, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தேன். மூன்று மாதச் சேமிப்பு கரைந்துவிட்டது. ஒரு தடவைகூட நான் தேடிய திறன் விழவில்லை. 'வாய்ப்பு எல்லோருக்கும் சமம்' என்கிறார்கள். நண்பர்கள் என்னை முட்டாள் என்கிறார்கள்.

பதில்: நீங்கள் முட்டாள் இல்லை. இதைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

தென் கொரியாவின் மேப்பிள்ஸ்டோரி என்ற விளையாட்டில் 'க்யூப்' என்று ஒரு பொருள் விற்கப்பட்டது. அதைப் பயன்படுத்தினால் உங்கள் ஆயுதத்தில் மறைந்திருக்கும் திறன்கள் மாறும். எது வரும் என்பது அதிர்ஷ்டம். 2010இல் அறிமுகமானபோது எல்லாத் திறன்களுக்கும் வாய்ப்பு சமமாக இருந்தது. சில மாதங்களில், ஆடுபவர்கள் அதிகம் விரும்பிய திறன்களுக்கான வாய்ப்பை நிறுவனம் சத்தமில்லாமல் குறைத்தது. 2011இல் அதற்கும் மேலே போனது: ஒரே திறன் மூன்று முறை சேர்ந்து வரும், அதிகம் தேடப்பட்ட சில சேர்க்கைகள் வரவே வராதபடி செய்தது. குறைவாக வரும்படி இல்லை, வாய்ப்பே பூஜ்யம். க்யூபில் எந்த மாற்றமும் இல்லை என்று அதே ஆண்டில் அறிவிப்பும் வெளியிட்டது. வர முடியாத ஒன்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிடைக்காதபோது 'என் ராசி சரியில்லை' என்று தங்களையே நொந்துகொண்டார்கள்.

2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் மேப்பிள்ஸ்டோரியை நடத்தும் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. பிறகு நுகர்வோர் தகராறு தீர்வு வழியாகச் சுமார் 8 லட்சம் பேருக்கு இழப்பீடு தர ஏற்பாடாயிற்று. 2024 மார்ச் முதல் வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். சீனா இதை 2017இலேயே கேட்டது. பணம் கட்டித் திறக்கும் பெட்டி சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சொல்லிவிட்டது. லாஸ்ட் ஆர்க் போன்ற விளையாட்டுகள் அந்த நாட்டில் வெளியாகவே இல்லை.

இதை ஏன் இத்தனை நீளமாகச் சொல்கிறேன் என்றால், 'சூதாடிவிட்டுப் புலம்பாதே' என்று உங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சூதாட்ட மேசையில்கூடப் பகடையில் ஆறு முகம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். இங்கே பகடை அவர்களுடைய சர்வருக்குள் இருக்கிறது. ஒரு விகிதத்தை எழுதி ஒட்டிவிட்டால் மட்டும் போதாது. அதைச் சரிபார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும். இதை நான் எழுதும்போதெல்லாம் 'விருப்பமிருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு' என்று யாராவது பதில் எழுதுவார்கள். வாய்ப்பு பூஜ்யம் என்று தெரிந்திருந்தால் எவனுக்கய்யா விருப்பம் வரும்?

நீங்கள் செய்ய வேண்டியது: வாங்கிய ரசீதுகள் அனைத்தையும் மின்னஞ்சலிலிருந்து ஒரே இடத்தில் சேருங்கள். நிறுவனம் வெளியிட்டுள்ள விகிதப் பட்டியலைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். பெட்டி திறந்த வரலாற்றை விளையாட்டு காட்டினால் அதையும் எடுங்கள். பிறகு நிறுவனத்துக்கும், பணம் வாங்கிய தளத்துக்கும், உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்புக்கும் எழுதுங்கள். ஆத்திரத்தில் வங்கி மூலம் பணத்தைத் திரும்ப இழுக்காதீர்கள். கணக்கை முடக்கிவிடுவார்கள், அதில் உள்ள ஆதாரமும் சேர்ந்து போகும். இனி ஒரு பெட்டிகூட வாங்காதீர்கள். போனதை அடுத்த பெட்டியில் பிடித்துவிடலாம் என்ற நினைப்பை நம்பித்தான் அந்தக் கடையே நடக்கிறது.

கேள்வி: வெளியாள் ஒருவரிடம் மலிவாக விளையாட்டுத் தங்கம் வாங்கினேன். தங்கம் வந்தது, மறுநாள் கணக்கு தடை செய்யப்பட்டது. யார் மீது புகார் கொடுப்பது?

பதில்: கண்ணாடியில் தெரிபவர் மீது. அந்தத் தங்கம் தானியங்கி நிரல்கள் குவித்ததாக இருக்கும், அல்லது இன்னொருவருடைய கணக்கை உடைத்து எடுத்ததாக இருக்கும். போன மாதம் தன் கணக்கே கொள்ளை போனதாக ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். என் அனுதாபம் அவருக்கு. காசு கொடுத்துத் தங்கம் பெற ஆசையென்றால், வார்கிராஃப்ட் 2015 முதல் டோக்கன் என்ற முறையான வழியையே வைத்திருக்கிறது. தடையை நீக்கக் கோரி ஒருமுறை எழுதிப் பாருங்கள், பொய் சொல்லாமல்.

கேள்வி: இன்னும் வெளிவராத ஒரு எம்எம்ஓவுக்கு 'நிறுவனர் தொகுப்பு' விற்கிறார்கள். முன்கூட்டியே நுழையலாம், தனிக் குதிரை கிடைக்கும். வாங்கலாமா ஐயா?

பதில்: அப்படியொரு குதிரை என்னிடமும் இருக்கிறது தம்பி. பிடரியில் நீல நிறத் தீ எரியும். படத்தில் பார்த்தேன். அதன்மேல் ஏறும் நாள் வரவில்லை, விளையாட்டு வரவில்லை, பணமும் வரவில்லை. விற்றவர்கள் 'வளர்ச்சி தொடர்கிறது' என்று இப்போதும் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்.

பெயர் தெரிந்த கதைகளும் உண்டு. க்ரானிக்கிள்ஸ் ஆஃப் எலிரியா 2016இல், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 13 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. 2020 மார்ச்சில் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அறிவிப்பு வந்தது. க்ரோஃபால் 2015இல் பணம் திரட்டி 2021இல் உண்மையிலேயே வெளியானது. அடுத்த ஆண்டே சர்வர்கள் நின்றன. வெளியான பிறகும் அதே குதிரை விற்பனைக்கு இருக்கும், பெரும்பாலும் தள்ளுபடியில். காத்திருங்கள்.

கேள்வி: ஒரு விளையாட்டு மூடப்படுகிறது. வெளியூரில் இருக்கும் என் தங்கையும் நானும் சந்தித்துக்கொள்வதே அங்கேதான். வீடு கட்டி, ஆடைகள் வாங்கி, எவ்வளவோ செலவழித்திருக்கிறோம். அதெல்லாம் எங்களுடையது இல்லையா?

பதில்: சட்டப்படி இல்லை. இதைச் சொல்ல எனக்கே கசக்கிறது. நீங்கள் வாங்கியது வீடு இல்லை, அதைப் பயன்படுத்த அனுமதி. வாங்குவது உரிமம் மட்டுமே என்று ஸ்டீம் 2024 அக்டோபர் முதல் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறது. எழுதியதால் நியாயமாகிவிடாது என்பது என் கருத்து. வைல்டுஸ்டார் 2018இல் மூடப்பட்டது. நிலம் வாங்கிப் பயிர் செய்ய வைத்த ஆர்க்கேஜ் 2024இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மூடப்பட்டது. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனும் 1999இல் வந்த எவர்குவெஸ்டும் இன்றும் ஓடுகின்றன. எது எத்தனை நாள் ஓடும் என்று வாங்கும்போது யாருக்கும் தெரியாது. விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி நிறுவனங்கள் முடக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அது பலிக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூடல் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். செலவழிக்காத விளையாட்டு நாணயத்துக்கும், அறிவிப்புக்குச் சற்று முன் வாங்கியவற்றுக்கும், மீதிச் சந்தாவுக்கும் பணம் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பவர்களுக்கு மட்டும் தரும் நிறுவனங்கள் உண்டு. வீட்டையும் உரையாடல்களையும் படமாகவும் காணொளியாகவும் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசி நாளில் சர்வர் நெரியும். தங்கையோடு அடுத்த விளையாட்டுக்குப் போகும்போது முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: மாதச் சந்தா, ஒரே முறை விலை, இலவசம். எது மலிவு?

பதில்: வாரம் ஒருமுறை ஆடுபவருக்குச் சந்தா வீண். தினமும் ஆடுபவருக்கு அதுதான் மலிவு, கூடவே என் கண்ணுக்கு மூன்றிலும் நாணயமானது: இவ்வளவு கொடு, எல்லாவற்றையும் ஆடு. ஆனால் முறை நடுவழியில் மாறலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014 ஏப்ரலில் கட்டாயச் சந்தாவோடு வந்தது, ஓராண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டது. அதனால் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள். நான் கட்டினேன், இரண்டாம் மாதமே சலித்துவிட்டது, மீதிப் பத்து மாதங்களும் அந்த நிறுவனத்துக்கு என் அன்பளிப்பு. மாதம் மாதம் கட்டுங்கள். கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துங்கள்.

கேள்வி: இதற்காகவே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

பதில்: இலவசமாக ஆடிப் பார்க்கச் சொன்னேனே, அதைப் பழைய கணினியில் செய்யுங்கள். ஓடினால் கார்டு தேவையில்லை. ஓடாவிட்டால், விளையாட்டு பிடித்திருக்கிறதா என்றே இன்னும் தெரியாத நிலையில் கார்டு எதற்கு?

கேள்வி: என் பாத்திரத்துக்குச் சிறகு வாங்குவதா, நிழல் ஓநாய் வாங்குவதா? இன்றிரவு தள்ளுபடி முடிகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அந்தத் தள்ளுபடி இன்னும் முடியவில்லை. பார்த்துவிட்டேன்.