பாடநூல் மாறியது, பாடம் மாறியதா? தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டம் குறித்த கேள்வி பதில்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டம் கடந்து வந்த வழியைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பணி நிறைவு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: என் தாத்தா "நான்காம் பாரம் வரை படித்தவன்" என்று பெருமையாகச் சொல்வார். அது இன்றைய எந்த வகுப்பு, ஐயா?

ஒன்பதாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு முதல் பாரம் தொடங்கும். ஆறாம் பாரம் என்பது பதினோராம் வகுப்பு, அதன் முடிவில்தான் அக்கால எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. உங்கள் தாத்தாவின் பெருமையில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பாடத்திட்டம் என்று ஒன்று இருந்ததா, அல்லது ஆசிரியர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தாரா?

அச்சிட்ட பாடத்திட்டம் இல்லை. ஆனால் எழுதப்படாத ஒழுங்கு உறுதியாகவே இருந்தது. மணலில் விரலால் எழுத்துப் பழகி, ஓலைக்கு முன்னேறி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை என்று மனனம் செய்து, நிகண்டு என்ற சொற்பொருள் நூல் வரை செல்வது மொழிப் பாடம். கணக்குப் பாடம் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலைச் சுற்றி அமைந்தது. சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, இத்தகைய பள்ளிகள் 12,498 இருந்ததாகக் காட்டியது. மாணவர்கள் பொருள் அறியாமல் ஒப்பிக்கிறார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது. நம் காலத்திலும் அதே குறை எழுவதைக் காணும்போது, சில பழக்கங்களுக்கு ஆயுள் கெட்டி என்று தோன்றும்.

கேள்வி: மாகாணி, முந்திரி போன்ற பின்னக் கணக்குகள் எப்போது, ஏன் பாடத்திலிருந்து நீங்கின? அவற்றை மீண்டும் கற்பிக்கக் கூடாதா?

என் பாடம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எண்சுவடியில் கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று ஒவ்வொரு கீழ்வாய்ப் பின்னத்துக்கும் (ஒன்றுக்குக் குறைந்த பின்னம்) பெயர் உண்டு. அவற்றின் பெருக்கலுக்கு வாய்ப்பாடும் உண்டு. நிலவரி, நெல் அளவை, வட்டி ஆகிய அனைத்தும் அந்தப் பின்னங்களிலேயே நடந்ததால், வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை கடையிலும் களத்துமேட்டிலும் அன்றே பயன்பட்டான். ஆங்கிலேயர் காலத்து நாணயமும் இதைக் கெடுக்கவில்லை. ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணா என்பது ஒரு ரூபாயில் மாகாணிதான்.

முறிவு வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற தசம நாணயம் வந்தபோது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் அளவுகளும் வந்து சேர, படியும் வீசையும் சந்தையிலிருந்து மெல்ல விலகின. பதினாறாலும் இருபதாலும் வகுத்துப் பழகிய கணக்கு, பத்தால் வகுக்கும் உலகில் வேலையற்றுப் போயிற்று. யாரும் தடை போட்டு அதை நீக்கவில்லை. பயன் போனதும் பாடமும் போயிற்று. மீண்டும் மனனம் செய்விப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பின்னம் என்றாலே நடுங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, அரைக்காலில் பாதி மாகாணி என்று சொல்லிக் காட்டினால் பகுதி எண்ணைப் பற்றிய அச்சம் குறைவதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: 1953ஆம் ஆண்டின் "குலக்கல்வித் திட்டம்" பாடத்திட்ட மாற்றமா, நேர மாற்றமா?

ஏட்டளவில் நேர மாற்றம். ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மாணவர்களை இரண்டு வேளைகளாகப் பிரித்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. அதிக மாணவர்களைச் சேர்க்கலாம் என்று அரசு வாதிட்டது. ஆனால் பள்ளிக்கு வெளியே எதைக் கற்க வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்யும் எனில், அதுவும் பாடத்திட்டமே. பெரியாரும் பிறரும் எதிர்த்தது இதனால்தான். காமராசர் முதல்வரானதும் 1954 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது.

கேள்வி: பி.யு.சி. போய் மேல்நிலை வகுப்பு வந்தது ஏன்?

கோத்தாரி கல்விக் குழு (1964–66) பரிந்துரைத்த 10+2+3 அமைப்பைத் தமிழ்நாடு 1978இல் ஏற்றது. பதினோராண்டுப் பள்ளியும் கல்லூரியில் நடந்த ஓராண்டுப் புகுமுக வகுப்பான பி.யு.சி.யும் கலைந்து, கல்லூரியில் படித்த பாடம் உள்ளூர் மேல்நிலைப் பள்ளிக்கு வந்தது. முதல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 1980இல் நடந்தது. கல்லூரி உள்ள ஊருக்குப் போக முடியாத கிராமத்துப் பெண்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேள்வி: சமச்சீர்க் கல்வி தரத்தைக் குறைத்துவிட்டது என்கிறார்களே?

அதற்கு முன்பு பத்தாம் வகுப்பு வரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வழிகள் இருந்தன. மெட்ரிக் மாணவர் 1100 மதிப்பெண்ணுக்கும், அரசுப் பள்ளி மாணவர் 500 மதிப்பெண்ணுக்கும் எழுதினர். பிறகு இருவரும் ஒரே மேல்நிலைப் பாடத்தைப் படித்தார்கள் என்பதைக் குறை சொல்வோர் மறந்துவிடுகிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் 1, 6ஆம் வகுப்புகளுக்குப் பொதுப் பாடநூல் வந்தது. மறு ஆண்டு ஆட்சி மாறியதும் நிறுத்திவைக்க முயன்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2011 ஆகஸ்ட் 9இல் நடைமுறைப்படுத்துமாறு தீர்ப்பு வரும்வரை, பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். மெட்ரிக் நூல்களில் இருந்த சில கடினப் பகுதிகள் போனது உண்மை. அதைத் தரக்குறைவு என்பதைவிட, எல்லாருக்கும் பொதுவான அடித்தளத்துக்குக் கொடுத்த விலை என்பேன்.

கேள்வி: பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்து பிறகு நீக்கியது குழப்பமில்லையா?

குழப்பம்தான், ஆனால் காரணம் உண்டு. கல்லூரிச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை நம்பியிருந்ததால், பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்பு நூலை நடத்தின. நீட் தேர்வு இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்டபோது அந்த ஓட்டை வெளிப்பட்டது. 2017–18இல் பொதுத்தேர்வு வந்தது; 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. அடுத்த கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்களும் வந்தன. ஆனால் உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று 2018இலேயே அறிவித்ததால், அந்தத் தேர்வின் பிடி பாதி தளர்ந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025–26 முதல் அது நீக்கப்பட்டது. மாணவர் சுமை குறைந்தது நல்லதே. பழைய வழக்கம் திரும்புகிறதா என்பதை அறிய, தனியார் பள்ளிகளின் பதினோராம் வகுப்புக் கால அட்டவணையைப் பார்த்தால் போதும். எந்த நூலை மாற்றினாலும், தேர்வு கேட்காத பாடத்தை நடத்த வைப்பது கடினம்.

கேள்வி: பழைய பாடநூல்களை எங்கே பார்க்கலாம்?

1970இல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். கணக்கு நூல்களில் பயிற்சி வினாக்களை முதலில் பாருங்கள். அந்தக் காலத்து அரிசி விலை அங்கேதான் கிடைக்கும்.