வாசகர் கேள்வி பதில்: 85 நிமிடம் பாக்கி

கே: 2023 நவம்பர் 4 அன்று 'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) முடிகிறது. அதற்கு மூலமான மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, முழுவதும் படித்தவள் நான். 139 அத்தியாயம், 34 தொகுதி, முடிவு அட்சரம் பிசகாமல் தெரியும். அப்படியிருந்தும் ரிசல்ட் வரப் போகிற மாதிரி வயிற்றைப் பிசைகிறது. ரூம்மேட் "தெரிஞ்ச கதைக்கு என்னடி பதட்டம்" என்று சிரிக்கிறாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திண்டிவனம்

ப: ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்களே. பதினெட்டாம் போரில் துரியோதனன் தப்பித்துவிடுவானோ என்று சந்தேகப்பட்டா ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது? தூங்கி வழிந்த என்னை என் பாட்டி கிள்ளி எழுப்புவாள். "டேய், கூந்தல் முடிக்கப் போறாடா."

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாங்கா படிக்கவில்லை. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் 'முடிவு பற்றி என் கருத்து' என்று இருந்ததைப் பார்த்ததும் மடித்து டிராயரில் போட்டுவிட்டேன். நவம்பர் 5 காலை படிக்கிறேன்.

என் மகள் உட்கார வைத்துக் காட்டிய தொடர் இது. முதல் எபிசோடில் எல்லோருக்கும் நினைவிருப்பது, ஊரைக் காக்கும் 50 மீட்டர் சுவரின் விளிம்பை ஆவி பறக்கப் பிடிக்கும், டைட்டன் என்ற ராட்சதனின் அந்தத் தோலுரிந்த கை. எனக்கு அதற்கு முன்னால் வரும் காட்சிதான். மரத்தடியில் தூங்கி எழும் கதாநாயகச் சிறுவன் எரென், "உன் முடி இவ்வளவு நீளமா வளர்ந்திருக்கா?" என்று தோழி மிகாசாவைக் கேட்கிறான். கன்னத்தில் கண்ணீர். ஏன் அழுகிறான் என்று அவனுக்கே தெரியாது. எபிசோடின் தலைப்பு, '2,000 ஆண்டுகள் கழித்து, உனக்கு'. அனுப்பியது யார், பெறுவது யார்? அந்தத் தலைப்புக்கு மறுமுனை 2022 பிப்ரவரியில், 80-ஆவது எபிசோடில் வந்தது: '2,000 ஆண்டுகளுக்கு முன், உன்னிடமிருந்து'. ஏறக்குறைய ஒன்பது வருடம்! சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். ஆனால் அந்தக் கண்ணீருக்கும் முடிக்கும் இன்னும் கணக்கு தீரவில்லை என்பது என் எண்ணம். இதைப் படித்து நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து எழுதாதீர்கள்.

சரி, உங்கள் வயிற்றுக்கு வருகிறேன். மிகாசா பேசியதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். 2013 முதல் அவளுக்குக் குரல் கொடுத்துவரும் இஷிகாவா யுய் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மாங்காவில் வேகம் உங்கள் விரலில் இருந்தது. தாங்க முடியாத பக்கம் வந்தால் சட்டென்று புரட்டிவிடலாம். கடைசி எபிசோடின் இந்த 85 நிமிடமும் இயக்குநர் ஹயாஷி கையில். எந்த இடத்தில் இசையை நிறுத்துவார், எத்தனை விநாடி யாரையும் பேசவிடாமல் வைத்திருப்பார்? 34 தொகுதியும் மனப்பாடமாக இருந்தாலும் இது உங்களுக்குத் தெரியாது. ரூம்மேட்டிடம் இதைச் சொல்லுங்கள். சப்டைட்டில் வைத்து ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள்.

இன்னொன்று. ஜப்பானில் ஒளிபரப்பு நள்ளிரவு 12-க்கு, நமக்கு அது இரவு 8.30. நீங்கள் மெஸ்ஸில் தோசைக்கு நிற்கும்போது அங்கே ஓட ஆரம்பித்துவிடும். நம் திரைக்கு வர இன்னும் சில மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்று நான் போனை அணைத்து மகளிடம் கொடுத்துவிடுவேன். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, கொடுத்து வைத்தவர்.

கே: 'ஃபைனல் சீசன்' என்று சொல்லியே எத்தனை வருடம் ஓட்டுவார்கள்?
- கல்லூரி மாணவர், கோவில்பட்டி

ப: 'கடைசி மூன்று நாட்கள்' என்று வருடம் முழுக்க போர்டு தொங்கும் துணிக்கடை நம் தெருவிலும் உண்டே. 2020 டிசம்பரில் தொடங்கி, 2022 ஜனவரியில் இரண்டாம் பாகம், 2023 மார்ச்சில் ஒரு மணி நேர ஸ்பெஷல், இப்போது இது. முதல் மூன்று சீசன்களைச் செய்த விட் ஸ்டுடியோ விலகி, மாப்பா என்ற ஸ்டுடியோவின் கைக்கு வந்த பிறகு நடந்தது இவ்வளவும். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் மார்ச் ஸ்பெஷலில் அந்தப் பெருங்கூட்ட டைட்டன்கள் ஊரை மிதித்து வரும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அந்தப் புழுதியையும் ஆவியையும் யாரோ உட்கார்ந்து வரைய வேண்டுமே. ஒன்றரை வருடம் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

கே: தொடர் முடிந்த பிறகு ரசிகர்கள் என்ன செய்வதாம்?
- அதே மாணவர்

ப: காசு சேர்த்து ஜப்பானில் ஹிதா போகலாம். கதாசிரியர் இசயாமா பிறந்த, மலை சூழ்ந்த ஊர். அங்கே ஓயாமா அணைக்குக் கீழே சிறுவயது எரென், மிகாசா, அவர்கள் நண்பன் ஆர்மின் மூவருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் அணையின் கான்கிரீட் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். மேலே ஒன்றும் கிடையாது, வானம்தான்.